இருபுறமும் பதினைந்து சென்டிமீட்டர்

எங்கள் அடுக்ககத்தின் நான்காம் மாடியில் குடியிருக்கும் பெரியவரை அனைவரும் பரிசோதகர் என்றே அழைப்போம். முப்பத்தேழு ஆண்டுகள் மின்தூக்கிப் பரிசோதகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் சான்றளித்த மின்தூக்கி ஒன்றுகூட இன்றுவரை அறுந்து விழுந்ததில்லை. அவர் சான்றளிக்காதவையும் விழுந்ததில்லை என்பது வேறு செய்தி. அதை அவர் முன்னிலையில் யாரும் சொல்வதில்லை.

எங்கள் நகரத்து மின்தூக்கிகளில் பொத்தான்களுக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். ‘உள்ளே சிக்கிக்கொண்டவர்கள் பதற்றப்படக் கூடாது. தாமாக வெளியேற முயலக் கூடாது. வெளியே இருப்பவர் சொல்வதைக் கேட்டு அமைதியாக நடந்துகொள்ள வேண்டும்.’ இம்மூன்று வாக்கியங்களையும் இயற்றியவர் அவரே. பணிக்காலத்தில் அவர் எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்களுள் பொதுமக்கள் படித்தது இவ்வளவுதான் என்பதால், மின்தூக்கியில் ஏறும்போதெல்லாம் ஒரு முறை அதை மனத்துக்குள் வாசித்துக்கொள்வார். உதடு அசைவதிலிருந்து தெரியும்.

எதையும் சோதிக்காமல் ஏற்பதில்லை என்பது அவருடைய விரதம். குளிர்சாதனப் பெட்டி வாங்குவதற்குப் பதினான்கு மாதங்கள் ஆராய்ந்தார். ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்த வேளையில், அந்த வகையைச் செய்வதையே அந்த நிறுவனம் நிறுத்திவிட்டிருந்தது. தேர்வில் பிழையில்லை, நிறுவனத்தின் அவசரமே பிழை என்று தீர்ப்பளித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அவருடைய மனைவி அந்த இரண்டு கோடைகளையும் மண்பானைத் தண்ணீரோடு கழித்தார். அம்மையாரின் பொறுமையை அளப்பதற்கு மட்டும் அவரிடம் கருவி எதுவும் இருந்ததில்லை.

இப்படிப்பட்டவர் கார் வாங்கத் தீர்மானித்தார்.

தேவை உண்மையானது, அதில் கேலிக்கு இடமில்லை. அம்மையாருக்கு ஓர் அக்காள் உண்டு. அறுபத்திரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் மகள் வீட்டில் இருக்கிறார். அவருடைய கண்ணின் நடுப்பார்வை சிறிது சிறிதாக மறைந்துகொண்டிருந்தது. ஓரத்துப் பார்வை நிற்கும், ஆனால் ஓராண்டுக்குள் மனிதர் முகம் தெரியாமற் போய்விடும் என்று கண் மருத்துவர் கூறிவிட்டார். தொலைபேசியில் முகம் பார்க்கலாமே என்றால், “அந்தக் கட்டைவிரல் அகலத்துல நீ தெரியறியா, கத்தரிக்காய் தெரியுதான்னு எனக்கு எப்படிடி தெரியும்?” என்று அக்காள் கேட்டுவிட்டார். முகம் மறையும் முன் முகத்தைக் காட்ட வேண்டும். அம்மையாருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பேருந்தில் போகலாம், ஆனால் அம்மையாரின் வலது முழங்காலில் தகடு வைத்திருப்பதால் அந்தப் படி எட்டாது. வாடகைக் காரில் போகலாம். பரிசோதகர் ஓட்டுநரிடம் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்பார். முதல் ஓட்டுநர் சிரித்தார். இரண்டாமவர் சிரிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். சொந்தமாக ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. அதைப் பரிசோதகர் ஆராய்ச்சியின் முதல் வாரத்திலேயே விற்றுவிட்டார். பழையது வாசலில் நின்றால் புதியதைப் பற்றிய தீர்ப்பு நடுநிலையாக இராதாம்.

ஆக, ஓராண்டுக் கெடுவில் முதல் வேலையாக, போவதற்கு இருந்த ஒரே வண்டியும் போயிற்று.

மின்சாரக் கார்தான் என்பதில் ஐயமில்லை. மின்தூக்கியும் மின்சாரத்தில் ஓடுவது. உறவு விட்டுப் போகாது. இரண்டாம் மாதத்தில், எந்தக் கார் என்று தெரிவதற்கு முன்பே, அடித்தளத்தில் இரு தூண்களுக்கு இடையே தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தின் வலப்புறத் தூணில் மின்னேற்றப் பெட்டியைப் பொருத்திவிட்டார். பிறகு களத்தில் எஞ்சியவை இரண்டு. ஒரே விற்பனைக்கூடத்தில் அருகருகே நின்றன. ஒன்று, விலை குறைந்த சிறிய கார். ஒரு முறை மின்னேற்றினால் நூற்றறுபது கிலோமீட்டர் ஓடும். பார்ப்பதற்குச் சலவைப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தாற்போல் இருக்கும். மற்றொன்று கிராஸ்ஓவர் எனப்படும் உயரமான, அகலமான வகை. நானூறு கிலோமீட்டர் ஓடும். விலை ஏறத்தாழ இரு மடங்கு. அக்காள் வீட்டுக்குப் போய்த் திரும்ப நூற்று இருபத்து நான்கு கிலோமீட்டர் என்பதை ஏட்டுக்கல்வி இல்லாதவரும் கூட்டிவிடுவர். பரிசோதகரோ கற்றவர். ஆகவே, பாதி வழியில் மூக்குக்கண்ணாடி மறந்தது நினைவுக்கு வந்து வீடு திரும்ப நேர்ந்தால், அதே நாளில் மீண்டும் ஒரு முறை மறந்தால், என்றெல்லாம் தனித்தனியே கணக்கிட்டார். அவர் வாழ்நாளில் கண்ணாடியை மறந்தது கிடையாது.

நாற்பத்தொரு வரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை உருவாயிற்று. ஒவ்வொரு வரிசைக்கும் அதன் முக்கியத்துவத்துக்கேற்ப ஓர் எடை, ஒவ்வொரு காருக்கும் பத்துக்கு மதிப்பெண். கடைசி வரிசையின் தலைப்பு ‘பிற கருத்துகள்’. எடை, சுழியம்.

அட்டவணை தொடங்கிய முதல் நாளே அம்மையார் கீழே போய் அந்த இரு தூண்களுக்கு நடுவில் கைத்தடியோடு ஒரு முறை நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னாராம்: “இந்த இடத்துக்குச் சின்ன வண்டிதாங்க சரிப்படும்.”

“குறிச்சிக்கிறேன்” என்றார் கணவர். குறித்தும்கொண்டார். நாற்பத்தொன்றாம் வரிசையில்.

ஐந்தாம் மாதத்தில் சுமைச் சோதனை நடந்தது. மின்தூக்கித் துறையில், ஒரு கூண்டு சுமக்கலாம் என்று குறிக்கப்பட்ட எடைக்கு மேல் கால் பங்கு கூடுதலாக ஏற்றி இயக்கிப் பார்த்த பின்னரே சான்று தருவர். நல்ல விதி. அதைப் பரிசோதகர் கார்களுக்கும் நீட்டித்தார். பழைய அலுவலகத்தில் கெஞ்சி, இருபது கிலோ இரும்பு எடைப் படிகள் இருபத்திரண்டை இரவலாகப் பெற்று, ஒரு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு விற்பனைக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன் போய் இறங்கினார். மனைவியையும் அழைத்துப் போயிருந்தார், சாட்சியாக.

விற்பனையாளர் பருத்த உடலும் மெலிந்த குரலும் கொண்டவர். படிகளைப் பார்த்ததும் குரல் இன்னும் மெலிந்தது.

“சார், இதெல்லாம் எதுக்கு?”

“உங்க சின்ன வண்டி முந்நூத்தம்பது கிலோ தாங்கும்னு போட்டிருக்கீங்க. நானூத்து நாப்பது வச்சுப் பாக்கணும்.”

“சார், இது லிஃப்ட் இல்ல, காரு.”

“ஆளைச் சுமக்கிறது எதுவா இருந்தாலும் விதி ஒண்ணுதான்.”

“லிஃப்ட்டு மேல போகும் சார். அறுந்தா விழும். இது தரையிலதான் போகுது. எங்க போய் விழப்போகுது?”

“எல்லாரும் விழறதுக்கு முன்னாடி இதைத்தான் கேப்பாங்க.”

மேலாளர் வந்தார். பாதிப் படிகள் வரை அனுமதிப்பதாகப் பெருந்தன்மையோடு சொன்னார். பாதிச் சோதனை என்று உலகில் ஒன்று கிடையாது எனப் பரிசோதகர் விளக்கினார். விளக்கம் ஒன்றரை மணி நேரம் நீடித்தது. அதற்குள் அம்மையார் அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்து, கைத்தடியை ஊன்றி எழுந்து, சிறிய காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். இறங்கினார். மீண்டும் ஏறினார். மூன்றாம் முறை, காத்திருப்போர் நாற்காலியிலிருந்த மெத்தையைக் கொண்டுபோய் இருக்கையில் போட்டு, முழங்காலை மடக்காமல் பக்கவாட்டில் அமர்ந்து உள்ளே திரும்பினார். நான்கு விரல் கனமுள்ள மெத்தை. கிராஸ்ஓவருக்கும் இதற்கும் இருந்த உயர வேறுபாடு அதோடு தீர்ந்தது. இதை யாரும் கவனிக்கவில்லை. அட்டவணையில் முழங்காலுக்கு வரிசையே இல்லை.

படிகள் ஒன்றுகூட இறங்காமல் திரும்பின. சிறிய காருக்கு ‘சோதனைக்கு உட்பட மறுத்தது’ என்று எழுதிச் சுழியம் போட்டார். கிராஸ்ஓவரும் சோதிக்கப்படவில்லையே என்றால், அது மறுக்கவில்லை, கேட்கப்படவில்லை.

அக்காளிடமிருந்து வாரந்தோறும் அழைப்பு வரும். ஆறாம் மாதத்தில் மகள் பொட்டு வைத்திருக்கிறாளா என்பது தெரியவில்லை என்றார். ஏழாம் மாதத்தில் கடிகார முள் தெரியவில்லை என்றார். அம்மையார் கேட்டுக்கொண்டு, “வந்துடறேன்க்கா” என்பார். அடுத்த அறையில் கால்குலேட்டர் தட்டும் ஓசை கேட்கும்.

வெளியூரிலிருந்து பரிசோதகரின் மருமகன் தொலைபேசியில் ஆலோசனை வழங்கினார். “மாமா, வாழ்க்கையில ஒரு தடவை வாங்கறீங்க. பெரிசாவே எடுங்க.” வாங்குகிறவர் வேறொருவராக இருக்கும்போது மருமகன்களுக்கு வரும் தாராள மனம் உலகறிந்தது.

கிராஸ்ஓவருக்கு இன்னொரு பெரிய சாட்சி எங்கள் கட்டடத்திலேயே இருந்தது. இரண்டாம் மாடியில் குடியிருக்கும் பல் மருத்துவர் அதே வகையை நான்கு மாதங்களுக்கு முன் வாங்கியிருந்தார். மின்னேற்றமெல்லாம் மருத்துவமனையில். இங்கே அதை ஒருநாளும் தமக்குரிய இடத்தில் நிறுத்தமாட்டார். நுழைவாயில் அருகில், போவோர் வருவோர் கண்ணில் படும்படி நிறுத்துவார். தூறல் விழுந்தால் அடித்தளத்துக்குக் கொண்டுவந்து நடுப்பாதையில் நிறுத்திவிட்டுப் போவார். வண்டியைக் காட்டிக்கொள்ளத்தான் இவ்வளவும் என்று கட்டடமே பேசிக்கொண்டது. “படிச்சவர், யோசிக்காம வாங்கியிருப்பாரா?” என்றார் பரிசோதகர். ஏன் உள்ளே நிறுத்துவதில்லை என்று அவரிடம் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. வம்பு பேசுவதன் பெரிய வசதி, உரியவரைக் கேட்க வேண்டியதில்லை என்பதுதானே.

எட்டாம் மாதத்தில் அட்டவணை நிறைவுற்றது. முடிவைத் தீர்மானித்தது முப்பத்தொன்பதாம் வரிசை, ‘நிறுத்துமிடப் பொருத்தம்’. இரு தூண்களுக்கும் இடையே இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். கிராஸ்ஓவரின் அகலம், கண்ணாடிகளை மடக்கினால், சரியாக ஒரு மீட்டர் எண்பது. இருபுறமும் பதினைந்து சென்டிமீட்டர். அந்த எண்ணைக் கண்டதும் பரிசோதகரின் கண்கள் கலங்கியதாகக் கேள்வி. மின்தூக்கிக் கூண்டுக்கும் சுவருக்கும் இடையே அவர் முப்பத்தேழு ஆண்டுகள் வற்புறுத்திய அளவு அது; கூடினால் ஆள் இடுக்கில் விழுவான் என்று எத்தனையோ கட்டடங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கிராஸ்ஓவருக்குப் பத்துக்குப் பத்து. சிறிய காருக்கு இருபுறமும் முப்பது வந்தது. இடைவெளி அளவுக்கு மீறியது எனக் காட்டி, பத்துக்கு இரண்டு.

மறுநாள் ஒப்பந்தம். அதற்கு முன் ஒரே ஒரு சம்பிரதாயம் எஞ்சியிருந்தது: வண்டியை உரிய இடத்தில் ஒரு முறை நிறுத்திப் பார்ப்பது. விற்பனையாளர் கிராஸ்ஓவரைக் கொண்டுவந்தார். கையில் இரு கார்களுக்குமான ஒப்பந்தப் படிவங்கள். அவருடைய வழக்கம் அது. பரிசோதகர் ஓட்டும் இருக்கையிலும் விற்பனையாளர் பக்கத்து இருக்கையிலும் அமர்ந்தனர். அம்மையார் கைத்தடியோடு எதிர்ச் சுவரோரம் நின்றார். வாயிற்காவலரும், பால் வாங்கக் கீழே வந்த நானும் நின்றோம்.

நேர்த்தியாக உள்ளே போனது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஊசியில் நூல் கோப்பதுபோல் மெல்லச் செலுத்தி, தூண்கள் இரண்டும் முன்கதவுகளின் நடுவுக்கு நேராக வரும்படி நிறுத்தினார். இருபுறமும் பதினைந்து. கூடவுமில்லை, குறையவுமில்லை. எந்திரத்தை அணைத்துவிட்டு, இறங்கக் கதவைத் திறந்தார்.

டொக் என்று ஓர் ஓசை.

மறுபக்கத்தில் விற்பனையாளரும் திறந்தார். இன்னொரு டொக்.

மின்தூக்கியின் கதவு பக்கவாட்டில் நகரும். முப்பத்தேழு ஆண்டுகளாக அவர் பார்த்த கதவுகள் அனைத்தும் பக்கவாட்டில் நகர்ந்தவையே. கதவு என்பது வெளிப்புறமாகவும் திறக்கக்கூடிய பொருள் என்பதை நாற்பத்தொரு வரிசைகளில் ஒன்றுகூட அவருக்கு நினைவூட்டவில்லை.

“சார், இது தொறக்கல” என்றது மெலிந்த குரல்.

“தெரியுது.”

“நான் அப்பவே கேக்கணும்னு நெனச்சேன் சார்.”

“எப்ப?”

“நீங்க எடை வச்சுக் கேட்டப்பவே கேட்டிருக்கணும். அப்புறம் எதுவுமே கேக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்.”

பின்னோக்கி எடுத்தால் போயிற்று என்று சன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கியபடி பரிசோதகர் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான், வெளியே தூறல் தொடங்கியது. பல் மருத்துவரின் கார் சரிவில் இறங்கி வந்து, வழக்கம்போல நடுப்பாதையில், அதாவது சிக்கியிருந்த வண்டியின் வாலையொட்டி நின்றது. அவர் இறங்கினார், உள்ளே ஆள் இருப்பது இருண்ட கண்ணாடியில் தெரியவில்லை. “வணக்கம்மா, முட்டி எப்படி இருக்கு?” என்று அம்மையாரிடம் கேட்டார்.

“பரவால்ல டாக்டர்.”

“பல்லு?”

“அதுவும் பரவால்ல. நீங்க போங்க, பசியோட வந்திருப்பீங்க.”

மருத்துவர் மின்தூக்கியில் ஏறினார். அம்மையார் தடுக்கவில்லை. காவலர் பின்னால் ஓடப்போனார். “இருப்பா, அவர் நிம்மதியா சாப்பிடட்டும்” என்றார் அம்மையார். காவலர் என்னைப் பார்த்தார். நான் பால் உறையைப் பார்த்தேன்.

“ஏய், என்ன பண்ற? அவரைக் கூப்பிடு” என்றார் பரிசோதகர்.

“கூப்பிடறேன். அவசரமா?”

“சார், பின்பக்கக் கதவு கொஞ்சம் தொறக்கும். சீட்டு மேல ஏறிப் போனா குதிச்சிரலாம்” என்றார் விற்பனையாளர். பரிசோதகர் வாய் திறக்கும் முன், அம்மையார் மின்தூக்கியின் பக்கம் கைத்தடியை நீட்டி, பள்ளிப்பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “உள்ளே சிக்கிக்கொண்டவர்கள் பதற்றப்படக் கூடாது. தாமாக வெளியேற முயலக் கூடாது. வெளியே இருப்பவர் சொல்வதைக் கேட்டு அமைதியாக நடந்துகொள்ள வேண்டும்.”

காவலர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார்.

“தம்பி” என்று அம்மையார் பாதி திறந்த கண்ணாடியருகே வந்து விற்பனையாளரிடம் கேட்டார், “அந்தச் சின்ன வண்டி இப்ப கையில இருக்கா?”

“வெள்ளையில ஒண்ணு நிக்குதும்மா.”

“வியாழக்கிழமைக்குள்ள கெடைக்குமா?”

“ஐயா கையெழுத்துப் போட்டா கெடைக்கும்.”

“அதுக்கு நான் சுழியம் போட்டிருக்கேன்” என்றார் பரிசோதகர். “லோடு டெஸ்ட் ஆகல.”

“ஆச்சு. அன்னிக்கே மூணு தடவை ஏறி இறங்கினேன். அந்த வண்டி சுமக்கப்போற லோடு நான்தான். நாற்காலி மெத்தை ஒண்ணு போட்டா முட்டி மடங்கவே வேண்டாம்.”

“என்கிட்ட சொல்லவே இல்லயே நீ.”

“சொல்லி எந்த வரிசையில எழுதியிருப்பீங்க?”

பரிசோதகர் ஸ்டீயரிங்கின் மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு தூணைப் பார்த்தார். அதில் அவரே பொருத்திய மின்னேற்றப் பெட்டி பச்சை விளக்கோடு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அம்மையாரின் குரல் இறங்கியது. “எட்டு மாசம் ஆச்சுங்க. நேத்து அக்கா சொல்றா, நேரா பாத்தா நடுவுல ஒரு கறுப்பு வட்டம்தான் இருக்காம். தலையைச் சாய்ச்சாத்தான் ஓரமா கொஞ்சம் தெரியுதாம். நானும் எட்டு மாசமா உள்ளதான் இருக்கேன். நான் கதவைத் தட்டினேனா?”

விற்பனையாளர் சிறிய காரின் படிவத்தை எடுத்து, அதன் மேல் பேனாவை வைத்து, பார்வையைக் கூரையில் வைத்துக்கொண்டார். ஒரு பக்கத்தைக்கூடப் படித்துப் பார்க்காமல் பரிசோதகர் கையெழுத்திட்ட முதல் ஆவணம் அது.

பல் மருத்துவர் இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தார். நிலவரத்தைக் கண்டதும் அவர் முகத்தில் தோன்றியது வியப்பு அன்று. நெடுநாள் தனியே நோயோடு இருந்தவர் இன்னொரு நோயாளியைக் கண்ட ஆறுதல். “நானும் முதல் நாள் இப்படித்தான்” என்றார் தாழ்ந்த குரலில். “யாராவது பாத்துட்டா என்ன பண்றதுன்னு அரை மணி நேரம் உள்ளயே இருந்தேன். அப்புறம் யார்கிட்டயும் சொல்லல. எல்லாரும் என்ன நெனச்சீங்க, பெருமைக்கா வெளிய நிறுத்தறேன்னா?” அப்படியெல்லாம் யார் நினைப்பார்கள் என்று நாங்கள் அனைவரும் ஒரே குரலில் மறுத்தோம்.

வியாழக்கிழமை காலையில் வெள்ளைச் சலவைப் பெட்டி புறப்பட்டது. ஓட்டும் பக்கத்துக் கதவுக்கு ஐம்பது சென்டிமீட்டர் கிடைக்கும்படி மறுபுறத் தூணை ஒட்டி நிறுத்தக் கற்றுக்கொண்டிருந்தார் பரிசோதகர். மனைவிக்கு வெட்டவெளியில் கதவை முழுவதும் திறந்துவிட்டு, மெத்தையைத் தாமே போட்டு, அது நகராதபடி இரு முனைகளிலும் நாடா கட்டியிருந்தார். அந்த முடிச்சு எந்தச் சோதனையையும் தாங்கும். மூக்குக்கண்ணாடி மறக்கப்படவில்லை.

அங்கே நடந்ததை அம்மையாரே பின்னர் என் மனைவியிடம் சொன்னார். அக்காள் சன்னலோரம் இழுத்துப்போய், இரு கன்னங்களையும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, தம் தலையைக் கோழிபோல் ஒருபுறம் சாய்த்து நெடுநேரம் பார்த்திருக்கிறார்.

“ஏண்டி” என்றாராம் கடைசியில், “கன்னம் ஏன் இப்படி ஊதிப் போச்சு? மேல ஒரு பல்லக் காணோம்?”

“போன மாசம் புடுங்கினாங்க. எங்க ரெண்டாம் மாடி டாக்டர்தான்.”

“ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லலியே.”

“நீயா பாத்துச் சொல்றியான்னு வச்சிருந்தேன்.”

அக்காள் சிரித்துக்கொண்டே அந்தக் காலி இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாராம். பிறகு, “மாப்பிள்ளை எங்க?” என்றாராம்.

“வெளிய இருக்கார். வண்டிக்கும் மதிலுக்கும் நடுவுல எவ்வளவுன்னு அளந்துக்கிட்டு.”

“அளக்கட்டும். நீ இந்தப் பக்கம் திரும்பு, இன்னொரு கன்னத்தைப் பாக்கணும்.”